யார் நிலம்? யார் விளக்கு?

மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் தொழிலாளி இந்த நாட்டில் இல்லை. தோட்டத்து எஞ்சின் நின்றதும் லயம் முழுவதும் இருண்டுபோன இரவுகளை நம் தாய் தந்தையர் இன்றும் சொல்லக் கேட்கிறோம். மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கண் எரியப் பாடம் படித்தவர்கள் அவர்கள். ஆகவே விளக்கின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் அந்த விளக்கு யாருடைய அடுப்பை அணைத்துவிட்டு எரிகிறது என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.

கிளந்தான் மாநிலம் குவா மூசாங் பகுதியில், நெங்கிரி ஆற்றின் குறுக்கே தெனாகா நேஷனல் நிறுவனம் 300 மெகாவாட் நீர்மின் அணைத் திட்டத்தை மேற்கொண்டது. 2027-ல் மின்சாரம் எடுக்கவேண்டும் என்பது திட்டத்தின் குறி. அணை தேக்கும் நீரில் 50 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பூமி முழுகும். அது வெறுங்காடு அல்ல. தெமியார் எனும் பூர்வ குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, பயிர் செய்து, மீன் பிடித்து, மூதாதையரை அடக்கம் செய்த மண். அங்குள்ள குகைகளில் ஆராய்ச்சியாளர்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனித எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். "எங்கள் மண்ணை முழுகடிக்காதீர்கள்" என்று தெமியார் மக்களில் பலர் மனுக் கொடுத்தார்கள்; ஊர்வலம் போனார்கள்.

அரசாங்கத்தின் நோக்கம் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. 2050-க்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் நூற்றுக்கு 70 பங்கு நீர், வெயில் போன்ற தீராத சக்திகளிலிருந்து வரவேண்டும் என்று 2023-ல் திட்டம் வகுத்திருக்கிறார்கள். நிலக்கரியை எரித்து எரித்து உலகம் சூடேறிவிட்டது. வானிலை கெட்டால் முதலில் அடிபடுபவன் பால் வெட்டுத் தொழிலாளியே. காலை மழை பிடித்தால் மங்கில் பால் இல்லை. பால் இல்லையேல் கூலியும் குறைவு. ஆகவே சுத்தமான மின்சாரம் நமக்கும் வேண்டும்.

ஆனால் கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது தருமமாகுமா? புண்ணியம் நாட்டுக்கு, தேங்காய் மட்டும் தெமியாருடையது என்றால் அது என்ன நியாயம்?

சரவாக்கில் நடந்ததைப் பாருங்கள். 2,400 மெகாவாட் பாக்குன் அணைக்காக 1998-ல் சுமார் 10,000 மக்களைச் சுங்கை ஆசாப்புக்குக் குடிபெயர்த்தார்கள். முழுகிய நிலம் ஏறக்குறைய சிங்கப்பூர் அளவு. ஆறும் காடும் சோறு போட்ட மக்களுக்குக் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் கிடைத்தது. புதிய வீட்டுக்கோ சுமார் 52,000 வெள்ளி விலை வைத்தார்கள். வீட்டைப் பறிகொடுத்தவனுக்கே வீட்டை விலைக்கு விற்ற விந்தை அது! மின்சாரம் 2011-ல் ஓடத் தொடங்கியது. கடன் அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்த அதே 1954-ல் பூர்வ குடிகள் சட்டமும் பிறந்தது. அதன் 11-ஆம் பிரிவு, அவர்களுடைய பழ மரங்களுக்கும் ரப்பர் மரங்களுக்கும் நஷ்ட ஈடு உண்டு என்கிறது. மரத்துக்கு விலை உண்டு. மரம் நிற்கும் மண்ணுக்கு? 12-ஆம் பிரிவு அதற்கு நஷ்ட ஈடு "கொடுக்கலாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டது.

"கொடுக்கலாம்" என்ற சொல்லுக்கும் "கொடுக்க வேண்டும்" என்ற சொல்லுக்கும் உள்ள தூரம், சம்பள ஒப்பந்தம் படித்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரியும். செக்ரோல் எழுதும் கிராணிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். விமான நிலைய நெடுஞ்சாலைக்காக 1995-ல் நிலம் பறிக்கப்பட்ட சிலாங்கூர் தெமுவான் மக்கள் நீதிமன்றம் ஏறினார்கள். சாகோங் தாசி வழக்கு எனப்படும் அவ்வழக்கில் 2002-ல் வென்றார்கள். 2005-ல் மேல் முறையீட்டு நீதிமன்றத்தில் காலஞ்சென்ற நீதிபதி கோபால் ஸ்ரீராம் அத்தீர்ப்பை உறுதி செய்து, அந்தச் சட்டத்தின் "கொடுக்கலாம்" என்பதைக் "கொடுக்க வேண்டும்" என்றே படிக்கவேண்டும் என்றார். வழிவழியாக வாழும் மண்ணில் அவர்களுக்கு உரிமை உண்டு என்பது இந்நாட்டு நீதிமன்றம் ஏற்ற உண்மை. அது யாரும் போட்ட பிச்சை அல்ல.

"காட்டுவாசிகளின் வழக்கு நமக்கெதற்கு?" என்று கேட்போர் உண்டு. அவர்களைச் "சக்காய்" என்று இழித்துப் பேசியவர்கள் நம்மிலும் இருந்தார்கள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்வோம். துரைமார் உத்தரவில் நம் பாட்டன்மார் அழித்த காடுகளில் அவர்களுடைய காடும் இருந்திருக்கும். "கூலி" என்ற வசைச் சொல்லைச் சுமந்த நாம் இன்னொருவர்மேல் வசைச் சொல்லைச் சுமத்தலாகாது. நம் கெடா மாநிலத்திலும் பாலிங் அருகே லூபோக் லெகோங் கிராமத்தில் கென்சியூ பூர்வ குடியினர் வாழ்கிறார்கள். அவர்கள் நமக்கு அயலார் அல்லர், அண்டை வீட்டார்.

மேலும், இது நாளை நம் வாசலுக்கும் வரக்கூடிய வழக்கு. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தில் இருந்தவர்களை யார் கேட்டார்கள்? வேலை போனது, வேலையோடு வீடும் போனது. அந்த வேதனையில்தான் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் செலுத்திய சிறு பணத்தைச் சேர்த்து அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். இன்று கோல கெட்டிலிலும் புக்கிட் செலாம்பாவிலும் சூரிய ஒளித் தகடுகள் பரந்து கிடக்கின்றன. நாளை ஒரு தோட்டத்தில் பால் மரத்தைச் சாய்த்துத் தகடு பதிக்க நிர்வாகம் முடிவு செய்தால், நான்கு தலைமுறையாய் அங்கே வாழ்ந்தவனைக் கேட்பார்களா? தெமியாரைக் கேட்காமல் எடுக்கும் பழக்கம் ஊன்றிவிட்டால் நம்மையும் கேட்கமாட்டார்கள்.

"சிலர் சம்மதித்து விட்டார்களே" என்பது அடுத்த வாதம். நாம் அறியாத தந்திரமா இது? ஒவ்வொருவராக ஆபீசுக்கு அழைத்துக் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் ஒப்பந்தம் அல்ல. முழு விவரமும் முன்கூட்டியே தெரிந்து, அச்சமின்றி ஊர் கூடிப் பேசி, "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் இருந்து, அதன் பிறகு தலையசைத்தால்தான் அது சம்மதம். 2007-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட பூர்வ குடிகள் உரிமைப் பிரகடனமும் இதையே சொல்கிறது. மலேசியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. சபையில் தூக்கிய கையைச் சொந்த நாட்டில் கட்டிக்கொள்ளலாமா?

ஒற்றுமை வென்றதும் உண்டு. சரவாக்கின் பாராமில் 1,200 மெகாவாட் அணை கட்டப் போனபோது, கென்யா, காயான், பெனான் மக்கள் 2013 அக்டோபரில் வேலைக்குப் போகும் பாதையை மறித்து அமர்ந்தார்கள். முறைவைத்துக் காவல் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. 2015-ல் முதலமைச்சர் அடெனான் சாத்தெம் வேலையை நிறுத்தினார். 2016-ல் நிலம் எடுக்கும் உத்தரவே ரத்தாயிற்று. மறியல் என்றால் என்னவென்று அறிந்த நமக்கு அந்த வெற்றியின் விலை புரியும்.

நாம் கேட்பது மூன்று. பூர்வ குடிகளின் மண்ணை அளந்து, அவர்கள் பேரில் அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். அவர்களுடைய சம்மதம் பெற்ற பிறகே எந்தத் திட்டத்துக்கும் அனுமதி கொடுக்கவேண்டும். இடம்பெயர இசைந்தவர்களுக்கு நிலத்துக்கு நிலமும், கடனில்லா வீடும், மின்சார வருமானத்தில் பங்கும் எழுத்தில் தரவேண்டும்.

கிளைத் தலைவர்களே! அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள். விளக்கு எல்லாருக்கும் எரியட்டும். ஆனால் நிலத்துக்கு உடையவன் சரி என்று சொன்ன பிறகு எரியட்டும்.