திரையிலும் நிஜத்திலும் தண்டனை

'நாயகன்' (1987) படத்தில் வேலு நாயக்கர் கோர்ட்டில் விடுதலையாகியும், வெளியே வந்ததுமே சுடப்பட்டுச் சாகிறார். இரண்டரை மணி நேரத்தில் கணக்கு தீர்ந்துவிடுகிறது. நிஜத்தில்?

1992 ஜூனில் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சோதனைக்குப் போன அரசு ஊழியர்களே 18 பெண்களைச் சீரழித்தார்கள். சட்டத்தைக் காக்க வேண்டிய காக்கிச்சட்டையே சட்டத்தை மீறியது! 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது 2011-ல்தான். அதற்குள் 54 பேர் இறந்தே போயிருந்தார்கள். 2023-ல் சென்னை ஐகோர்ட்டும் அந்தத் தண்டனையை உறுதி செய்தது.

'வெளியே சொன்னா மானம் போயிடும்' என்ற கட்டுப்பாட்டை மீறி அந்தப் பெண்கள் சாட்சி சொன்னதால்தான் இதாவது நடந்தது. நம்ம பொண்ணுங்களுக்கும் 'வாயை மூடு'ன்னு சொல்லாம, நடந்ததைத் தைரியமாகச் சொல்லக் கற்றுக்கொடுப்போம் தோழியரே!

– ஒரு வாசகி, சேலம்.