பாலில் இறங்கும் ஊசி

ஹரியானா கிராமம் ஒன்றில் ஒரு மாட்டுத் தொழுவம். வீட்டுப் பையன் மருந்துக் கடையிலிருந்து சிறு புட்டி ஒன்றை வாங்கி வந்தான். ஐவர்மெக்டின். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் ஒரே ஊசி. கன்றுக்குப் போட்டான், கிடேரிக்குப் போட்டான், அதே கையோடு கறவைப் பசுவுக்கும் போட்டான். மாலையில் பால் வழக்கம்போல் கேனில் ஏறியது. எனக்கு வந்த டீயும் அந்தப் பாலில்தான்.

மருந்தைக் குறை சொல்வதற்கில்லை. ஜப்பானிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரி ஒன்றின் கொடை அது. அதற்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெல்லும் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். கொரோனா காலத்தில் மனிதர்கள் அதை விழுங்கிய கூத்து தனிக்கதை.

வில்லங்கம் என்னவென்றால், இது கொழுப்பில் கரையும் சரக்கு. உடம்பின் கொழுப்பில் தங்கி, நாள்கணக்கில் பாலில் கசியும். காய்ச்சினாலும் போகாது. அமெரிக்காவில் பால் மாடுகளில் கருத்தரிக்கும் வயது வந்த பசுவுக்கே இந்த ஊசி கூடாது. பிரிட்டனில், கன்று ஈன 60 நாள் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். போட்ட பிறகு பாலை வாரக்கணக்கில் கொட்டச் சொன்னால், இரண்டு மாடு வைத்திருப்பவர் என்ன செய்வார்? வாயைத் திறக்க மாட்டார். கறவை மாடு என்றால் சிரிஞ்சை எடுக்கும் முன்பே கால்நடை டாக்டரிடம் வேறு மருந்து கேட்பதுதான் வழி.

அளவும் கண்மதிப்புதான். 1 சதவீத மருந்தில் 50 கிலோ எடைக்கு 1 மில்லி. எடை மேடைக்கு எங்கே போவது? டேப் போதும். முன்னங்காலை ஒட்டி மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 300ஆல் வகுத்தால் பவுண்டு. அதை 2.2ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 60, நீளம் 50 என்றால் சுமார் 270 கிலோ, ஐந்தரை மில்லி. அந்த அளவுக் கிடேரிக்குப் பையன் போட்டது மூன்று. குறைத்துப் போட்டால் பிழைத்த புழுக்கள் மருந்துக்கு அசையாத வம்சத்தைப் பெருக்கும்.

தோள் பக்கம் தோலைப் பிடித்துத் தூக்கி அதனடியில் போட வேண்டும். சதையிலோ ரத்தக் குழாயிலோ அல்ல. கல்லீரல் தட்டைப்புழு இதற்கு மசியாது. மீந்ததை நாய்க்குப் போடும் சிக்கனமும் வேண்டாம், கோலி ஜாதி நாய் செத்தே போகலாம்.

புட்டியோடு வந்த தாளில் எச்சரிக்கை இருந்தது. ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். இந்தியில் சொன்னேன். பையனின் அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “நாளைக் காலைப் பாலை என்ன செய்வது?”