செஞ்சிப் பேனா வெடிக்காதிருக்க

2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் நமது செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் இடம் பெற்றது. மராட்டியரின் ராணுவத் திறனைக் காட்டுவனவாகத் தேர்ந்த 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை; தமிழ்நாட்டுக்கு வாய்த்தது இது ஒன்றே. இனி யாத்திரிகர் பெருகுவர். ராஜகிரியின் உச்சியைக் கண்டு இளைத்து இறங்குகிறவர் ஊருக்கு எதை வாங்கிச் செல்வார்? எங்கோ யந்திரத்தில் வார்த்த பிளாஸ்டிக் பொம்மையைத்தானா? இவ்வூர்ப் பெயரால் நல்ல மரப் பேனா ஒன்றைக் கடைந்து விற்கலாகாதா என்று நண்பர் சிலர் கேட்கின்றனர்.

யோசனை சிலாக்கியமானதே. கடைசல் வேலை தமிழருக்குப் புதிதன்று. அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களே அதற்குச் சாட்சி. சுதேசிப் பேனாவுக்கும் முன்னோடி உண்டு. 1932-ல் ராஜமகேந்திரவரத்தில் ரத்னம் என்பவர் தொடங்கிய பேனாத் தொழிலை நேயர்கள் அறிவார்கள். அப்பேனாவை உபயோகித்துப் பார்த்த காந்தியடிகள், அன்னியப் பேனாக்களுக்கு அது தக்க மாற்றென்று 1935 ஜூலை 16-ம் தேதி கடிதம் எழுதினார். ஆனால் அந்நாளில் அவை எபோனைட்டால் ஆனவை. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து இறுகச் செய்த அப்பொருள் மழைக்கும் வெயிலுக்கும் அவ்வளவாக அசைவதில்லை. மரமோ, வெட்டிய பின்னும் அசைந்துகொண்டே இருக்கும்.

அந்த அசைவின் பலத்தைக் கல்தச்சர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். பாறையில் வரிசையாகக் குழி வெட்டி, உலர்ந்த மர ஆப்புகளை இறுக்கி, நீரூற்றி, ஆப்பு உப்பும் வேகத்தாலேயே கல்லைப் பிளப்பது பழைய முறை. கல்லைப் பிளக்கும் சக்தி பேனாவை விட்டுவிடுமா?

பச்சை மரத்தின் ஈரம், உலர்ந்த எடையில் நூற்றுக்குச் சுமார் 30 பங்குக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. அதுவும் எத்திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் வளையங்களை ஒட்டிய சுருக்கம் ஏறக்குறைய இரு மடங்கு. நீளத்தில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். மேற்புறம் முன்னே உலர்ந்து இறுகுகிறது. உட்புறம் ஈரத்தோடு இடங்கொடாமல் நிற்கிறது. இந்தப் பிணக்கே வெடிப்பாக வெளிப்படுகிறது. கருங்காலிபோல் அடர்ந்த மரங்களில் ஈரம் மெல்லவே வெளியேறுமாதலால் அபாயம் அதிகம்.

பரிகாரம் ஒன்றும் ரகசியமன்று. மரத்தின் நடு மையம் சேராதபடி துண்டுகளை அறுக்க வேண்டும். இரு முனைகளும் விரைவில் உலருமாதலால் அவற்றுக்கு மெழுகு பூச வேண்டும். வேண்டிய பருமனுக்குச் சற்றுக் கூடுதலாகவே கடைந்து, நடுவில் துளையிட்டு, நிழலில் அடுக்கிவிட வேண்டும். துளையிட்டால் உள்ளும் புறமும் சமமாக உலரும். செஞ்சியின் கோடைக் காற்று படாத அறையே நல்லது. வாரந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குறையாமல் நிலைத்த பிறகே கடைசி உளியை வைக்கலாம். ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுவாக வழங்கும் கணக்கு.

ஈர மரத்துக்குள் பித்தளைக் குழாயைப் பசையிட்டுச் செருகுவோர் உண்டு. மரம் சுருங்கும், பித்தளை சுருங்காது, பிறகு வெடிக்காமல் என்ன செய்யும்? அவசரமாகத் துளையிடுவதும், உப்புத்தாளை அழுத்தித் தேய்ப்பதும் சூட்டைக் கிளப்பி அதே தீங்கைச் செய்யும்.

மெருகுக்கு நம் நாட்டு அரக்கே போதும். சன்னபட்டணத்துக் கைவினைஞர் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வின் சூட்டாலேயே உருக்கிப் பூசி, தாழை மடலால் பளபளப்பாக்குகிறார்கள். மெருகு ஈரத்தின் போக்குவரவைத் தாமதப்படுத்துமேயன்றி அறவே தடுக்காது. உலராத மரத்துக்கு எந்த மெருகும் காப்பல்ல. அவர்கள் விரும்பிக் கடையும் வெட்பாலை நம் காடுகளிலும் வளர்வது. சாலை அகலப்படும்போது சாயும் புளிய மரங்களின் வைரமும் அடுப்புக்கே போக வேண்டுமென்பதில்லை.

ஆகவே கேள்வி கைத்திறனைப் பற்றியதன்று. காத்திருப்புக்கு யார் கூலி கொடுப்பது என்பதே. பல மாதம் அடுக்கில் கிடக்கும் மரம் கடைசற்காரருக்கு முடங்கிய முதல். அன்றாடம் உலை வைக்க வேண்டியவர் அதை எப்படித் தாங்குவார்? தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமொன்று துண்டுகளை வாங்கி உலர்த்தி, பக்குவமானவற்றை மட்டும் அவருக்குத் தரலாம். வாங்குவோரும் விலையைப் பேசுமுன், மரம் எத்தனை மாதம் உலர்ந்தது என்று கேட்கப் பழக வேண்டும்.

அப்படிச் செய்யாமல், கூட்டம் வருகிறதென்று பச்சை மரத்தைக் கடைந்து விற்றால், இங்கே பளபளத்த பேனா குளிர்சாதன அறையில் வைத்த சில நாளிலேயே பிளந்து நிற்கும். வாங்கியவர் கடைசற்காரரின் பெயரை அறியமாட்டார். செஞ்சியின் பெயரைத்தான் சொல்வார்.