வந்த வழியைச் சொல்லட்டும்

சிகாகோவில் உள்ள லூத்தரன் இறையியல் கல்லூரி 2016 நவம்பரில் தன் நூலகத்தின் தலைசிறந்த கைப்பிரதியை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தது. தோலில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட முழுப் புதிய ஏற்பாடு அது. மொத்தம் 337 ஏடுகள். சாபாஸ் என்ற துறவி ஒன்பதாம் அல்லது பத்தாம் நூற்றாண்டில் எழுதியது. வேதாகமப் பாட ஆய்வாளர்கள் அதை 1424 என்ற எண்ணால் அறிவார்கள். நீதிமன்றம் எதுவும் உத்தரவிடவில்லை, போலீஸ் கதவைத் தட்டவில்லை. கிரேக்கத்து மடம் ஒன்றிலிருந்து கொள்ளை போன ஏடு இது என்று கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையிடமிருந்து கடிதம் வந்தது. கல்லூரி விசாரித்தது, உண்மை என்று கண்டது, கொடுத்துவிட்டது.

அந்த மடத்தின் பெயர் கொசினிட்சா. வட கிரேக்கத்தில் டிராமா நகருக்குப் பக்கத்தில் மலைமேல் இருக்கிறது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 மார்ச் 27 அன்று பல்கேரிய ஆயுதக் கூட்டம் ஒன்று உள்ளே புகுந்து, துறவிகளை அடித்துப் போட்டுவிட்டு, நானூறுக்கும் மேற்பட்ட கைப்பிரதிகளையும் வழிபாட்டுப் பொருட்களையும் வாரிக்கொண்டு போனது. பல சோபியா நகருக்குப் போய்ச் சேர்ந்தன. மற்றவை ஐரோப்பியப் பழம்புத்தகச் சந்தையில் சிதறின. மூன்றே ஆண்டுகளில், 1920இல், லெவி பிராங்க்ளின் குரூபர் என்ற அமெரிக்க லூத்தரன் இறையியலாளர் 1424ஐ ஒரு வணிகரிடமிருந்து விலைக்கு வாங்கினார். அவருடைய சேகரிப்பு பின்னர் கல்லூரி நூலகத்துக்கு வந்தது. நல்லெண்ணத்தோடுதான் வாங்கினார் என்றே கொள்வோம்.

நெஞ்சை உறுத்துவது அதற்குப் பின் நடந்தது. 1424 எந்த ஊர் ஏடு என்பது ரகசியமாக இருந்ததே இல்லை. கைப்பிரதிப் பட்டியல்களில் கொசினிட்சா என்ற பெயர் அச்சிலேயே இருந்தது. 1924இல் பி. எச். ஸ்ட்ரீட்டர் என்ற ஆங்கில அறிஞர் ஒரு கைப்பிரதிக் குழுவுக்கே இந்த எண்ணைப் பெயராகச் சூட்டினார். அத்தனை புகழ்பெற்ற ஏடு. சொல்லுக்குச் சொல் பாடபேதம் பார்த்தவர்கள், ஓரக்குறிப்புகளை எழுத்தெழுத்தாகப் படித்தவர்கள், ஒரு மலை மடத்தின் சொத்து அமெரிக்க அலமாரிக்கு எப்படி வந்தது என்பதைக் கேட்காமலே இருந்துவிட்டார்கள். அந்தக் கேள்வி எழ ஏறத்தாழ நூறு ஆண்டு ஆயிற்று. அப்போதும் கேட்டவர்கள் பறிகொடுத்தவர்கள்தான்.

இந்த முறை மாற வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. இறையியல் நூலகம் ஒன்றின் கையில் இருக்கும் புனிதப் பொருள் எப்படி அங்கே வந்தது என்று ஆராய்ந்து சொல்லும் கடமை அதை வைத்திருப்பவருடையது. எல்லாவற்றையும் இழந்தவன் கடல் கடந்து வந்து, ஆதாரம் தேடி, வக்கீல் வைத்து நிரூபிக்கட்டும் என்று காத்திருப்பது நியாயம் ஆகாது. அருங்காட்சியகங்களுக்கு இது ஓரளவு உறைத்திருக்கிறது. இறையியல் நூலகங்கள் பலவற்றுக்கு இன்னும் உறைக்கவில்லை. தங்களிடம் இருப்பவை புத்தகங்கள், அருங்காட்சியகத்தின் விதிகள் தங்களுக்குப் பொருந்தாது என்று அவை நினைக்கின்றன. ஆனால் அந்த அலமாரிகளில் புத்தகம் மட்டுமா இருக்கிறது? மிஷனரிகள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த சிலைகள், பூசைப் பாத்திரங்கள், தாயத்துகள், முகமூடிகள், ஓலைச்சுவடிகள், சில இடங்களில் மனித எலும்புகூட. மதம் மாறியவர் தாமாகக் கொடுத்தது, வறுமையில் விற்றது, மிரட்டிப் பிடுங்கியது, களவுபோய்க் கைமாறியது எல்லாம் பதிவேட்டில் ஒரே சொல்லாகத்தான் விழுகின்றன: நன்கொடை.

அந்த ஒரு சொல் எதையெல்லாம் மூடிவைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் டென்வர் நகரில் இருக்கும் ஐலிஃப் இறையியல் கல்லூரி சாட்சி. 1893இல் அந்தக் கல்லூரிக்கு ஒரு புத்தகம் பரிசாக வந்தது. லத்தீனில் எழுதிய கிறிஸ்தவத் திருச்சபை வரலாறு. அதன் மேலட்டை, கொல்லப்பட்ட ஓர் அமெரிக்கப் பழங்குடி மனிதரின் தோல். மறைத்து வைக்கவில்லை. நூலகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் ஏறத்தாழ எண்பது ஆண்டு பெருமையாகக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். போதகராகப் போகும் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைக் கடந்து வகுப்புக்குப் போனார்கள். 1974இல்தான் தோல் உரித்தெடுக்கப்பட்டு, அடக்கம் செய்வதற்காகப் பழங்குடி உரிமை இயக்கத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதையும் சத்தமில்லாமல் செய்து முடித்தார்கள். கல்லூரி இதைப் பகிரங்கமாகப் பேசத் தொடங்க மேலும் நாற்பது ஆண்டு பிடித்தது. அன்பைப் போதிக்கும் இடத்தில் இது நடந்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஏற்க மறுக்கிறது. அந்த மனிதருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். பேழையில் அது இல்லை.

எதிர்வாதங்கள் உண்டு. பெரும்பாலும் நேர்மையான வாதங்களே. மடத்திலேயே இருந்திருந்தால் எரிந்தோ அரித்தோ போயிருக்கும், நாங்கள் காப்பாற்றினோம் என்பது ஒன்று. சில பொருட்கள் விஷயத்தில் அது உண்மையும்கூட. காப்பாற்றியதற்கு நன்றி சொல்லலாம், ஆனால் நன்றி உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. திருப்பிக் கொடுத்தால் ஆராய்ச்சி நின்றுபோகும் என்பது இன்னொன்று. 1424இன் பக்கங்கள் படமெடுக்கப்பட்டு இன்றும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. ஏடு ஊர் திரும்பியதால் எந்த ஆய்வும் நின்றுவிடவில்லை. ஆராயப் போனால் எல்லாவற்றையும் இழக்க நேரிடும் என்ற அச்சம்தான் வெளியே சொல்லப்படாத மூன்றாவது வாதம். இதற்கும் அடிப்படை குறைவு. ஆராய்ந்து பார்த்தால் பல பொருட்கள் முறையாக வந்தவை என்றுதான் தெரியவரும். அதைச் சொல்ல முடிவதே நிறுவனத்துக்குக் கௌரவம். அதே கொசினிட்சா ஏடுகள் தொடர்பாகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மீது 2018இல் திருச்சபை வழக்குத் தொடுத்தது. தன்னிடம் உள்ளவை கொள்ளைப் பொருள் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பது பல்கலைக்கழகத்தின் பதில். யார் பக்கம் நியாயம் என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சிகாகோவில் ஒரு கடிதத்தோடு முடிந்தது பிரின்ஸ்டனில் நீதிமன்றப் படி ஏறியது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறோம்.

இந்த ஆராய்ச்சிக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை, பொறுமை வேண்டும். முதலில் சேர்க்கைப் பதிவேடு: எந்தத் தேதியில், யார் கையால், என்ன விலைக்கு வந்தது. பிறகு பொருளையே படிக்க வேண்டும். அட்டையின் உட்புறத்தில் வணிகர் பென்சிலால் எழுதிய விலைக் குறி, சுரண்டி அழித்த முத்திரை, பழைய அடுக்கு எண் ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் நிறம் மங்காத சதுரம். ஓலைச்சுவடி என்றால் கடைசி ஏட்டைப் பார்க்க வேண்டும். எழுதி முடித்த ஆண்டு, மாதம், கிழமை, எழுதியவர், யாருக்காக எழுதினார், எந்த ஊர் என்பதெல்லாம் பல சுவடிகளில் அங்கேதான் இருக்கும். அந்த ஏடு மட்டும் காணாமல் போயிருந்தால் அதுவும் ஒரு தடயம். கயிறு புதிது, ஏடு பழையது என்றால் இடையில் யாரோ பிரித்துக் கோத்திருக்கிறார்கள். இதையெல்லாம் பார்க்கத் தெரிந்த நூலகர்கள் இருக்கிறார்கள். அன்றாட வேலைக்கு நடுவே பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை, உத்தரவும் இல்லை.

வந்த வழியை எழுதிவைப்பது இக்காலத்து மேற்கத்திய நாகரிகம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு இரண்டே ஆண்டுகளில் தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று எழுதியதோடு, சுவடிகளை எப்படித் தேடிப் பிடித்தார் என்பதையும் சொன்னார். தம்மிடம் வேலை பார்த்த எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடம் மலிவாக வாங்கச் செய்ததையும் மறைக்கவில்லை. இன்று படிக்கையில் அது உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஆனால் எழுதிவைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. அந்தத் தமிழ்நாட்டுத் தொடர்பின் வழியே ஓலைச்சுவடிகளும் பொருட்களும் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நிறுவனங்களின் நூலகத்துக்கும் காட்சி அறைக்கும் போய்ச் சேர்ந்தன. முந்நூறு ஆண்டுக்கு முன்னால் மைக்கூட்டுப் பேனாவோடு ஒருவர் செய்ததைக் கணினி வைத்திருக்கும் கல்லூரிகள் செய்ய முடியாதா?

நம் வீட்டுக் கதைக்கும் வருவோம். சீகன்பால்கு மொழிபெயர்த்துத் தரங்கம்பாடியில் 1715இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பிரதி ஒன்று தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருந்தது. மிஷனரி சுவார்ட்ஸ் சரபோஜி மன்னருக்குக் கொடுத்த பிரதி என்று சொல்லப்படுவது. 2005 அக்டோபரில் அது காணாமல் போனது. உள்ளூர்ப் போலீஸ் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கோப்பை மூடியது. பின்னர் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு எடுத்து விசாரித்து, 2022இல் அது லண்டனில் ஒரு சேகரிப்பில் இருப்பதாக அறிவித்தது. கும்பகோணம் அருகே சுந்தரபெருமாள் கோவிலைச் சேர்ந்த திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருப்பது தெரியவந்தது ஒரு புகைப்படத்தால்தான். 1957இல் கோயிலில் எடுத்து, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் காப்பகத்தில் இருந்த படம் அது. அதைத் திருப்பித் தர 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அறுபது எழுபது ஆண்டுக்கு முன்னால் யாரோ ஒருவர் சிரமம் பார்க்காமல் படமெடுத்து, எண் போட்டு, அடுக்கி வைத்ததால் வந்த பலன்.

வெளிநாட்டாரிடம் கணக்குக் கேட்கும் நாமும் நம்மிடமுள்ள பதிவேடுகளைத் திறந்து காட்ட வேண்டும். தமிழ்நாட்டு இறையியல் கல்லூரிகள், மிஷன் நூலகங்கள், ஆதீன மடங்கள், தர்காக்கள் எல்லாவற்றிடமும் பிறர் கொடுத்ததும் பிறரிடமிருந்து வந்ததுமான புனிதப் பொருட்கள் உண்டு. அவற்றில் பல பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன, சாவி யாரிடம் என்பதே சில இடங்களில் பிரச்சினை. களவுபோனால் போலீசிடம் காட்ட ஒரு படம்கூட இல்லாத நிலையில், திருட்டு நடந்தது என்பதை நிரூபிப்பதே பாதி வழக்காகிவிடுகிறது.

எனவே நாம் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வோர் இறையியல் நூலகமும் தன்னிடமுள்ள புனிதப் பொருட்களின் சேர்க்கைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பொதுவில் வைக்கட்டும். வந்த வழி தெரியாத பொருளுக்கு நேரே, தெரியவில்லை என்றே எழுதட்டும். கோரிக்கை வந்தால் யாரிடம் போக வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் அதன் கீழே குறிப்பிடட்டும். மாநில அரசு தன் பங்குக்குச் சரசுவதி மகாலில் தொடங்கி, அரசு நூலகங்களில் காணாமல் போனவற்றின் முழுப் பட்டியலையும் வெளியிட வேண்டும். இறையியல் கல்லூரிகளில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் ஏராளம். ஆளுக்கு ஒரு பொருள் என்று தங்கள் கல்லூரி அலமாரியிலிருந்தே அவர்களுக்குக் கொடுத்தால், வரும் கல்வியாண்டிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.