மாண்ட வீரனுக்கு முதல் மரியாதை அவன் பெயர்!



செப்டம்பர் 10 வக்கம் அப்துல் காதர் தூக்கிலிடப்பட்ட நாள். அந்த நாளை ஆண்டுதோறும் நம் சங்கம் அனுசரிக்க வேண்டும் என்று செயற்குழுவில் தீர்மானம் வந்தபோது இரண்டு கேள்விகள் எழுந்தன. "அவர் மலையாளி, அவருக்கு மலையாளிகள் விழா எடுக்கட்டும், நமக்கென்ன?" என்றார் ஒருவர். "செத்தவருக்கு விழா எடுத்து என்ன பயன்? இருப்பவனுக்குக் கூலி உயர்வு கேளுங்கள்" என்றார் இன்னொருவர். இரண்டுமே நியாயமாகத் தோன்றும் கேள்விகள். ஆகவே இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

யார் இந்தக் காதர்? திருவனந்தபுரத்தில் கொல்லம் பாசஞ்சர் ஏறி கடக்காவூரில் இறங்கினால் அடுத்த ஊர் வக்கம். 1917-இல் அங்கே பிறந்தவர், 1938-இல் பிழைப்புத் தேடி மலேயாவுக்குக் கப்பலேறினார். செங்கோட்டையையும் நாகர்கோவிலையும் தாண்டி நாம் இங்கே வந்தது எதற்காகவோ, அதற்காகத்தான் அவரும் கடல் தாண்டினார். போன இடத்தில் இந்திய சுதந்திரச் சங்கத்தில் சேர்ந்தார்; பினாங்கில் பயிற்சி பெற்றார். 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் அவரையும் தோழர்களையும் மலபார்க் கரையில் தானூரில் இறக்கிவிட்டது. உடனே பிடிபட்டார்கள். சென்னையில் வழக்கு நடந்தது. 1943 செப்டம்பர் 10 அன்று சென்னை மத்திய சிறையில் தூக்கு. அப்போது அவருக்கு வயது 26.

அதே நாளில் அதே சிறையில் அனந்தன், வங்காளத்துச் சத்யேந்திர சந்திர பர்தன், பஞ்சாபின் பௌஜா சிங் ஆகியோரும் தூக்கிலிடப்பட்டனர். மெட்ராஸ் மெயிலில் போய் சென்ட்ரலில் இறங்குகிறோமே, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அந்தச் சிறை இருந்தது. 2009-இல் அதை இடித்துவிட்டார்கள். மூட்டையும் முடிச்சுமாக நாம் அந்தப் பக்கம் எத்தனை முறை நடந்திருப்போம்! எத்தனை பேருக்குத் தெரியும்?

தோழர்களே, காதர் நமக்கு என்ன உறவு என்று இனியும் கேட்கலாமா? பிழைக்கப் போன இடத்தில் போராளியானவர் அவர். சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவனைப் பார்த்து "பாண்டி" என்று இளக்காரமாக அழைப்பவர் இருந்தால், கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள்: "ஐயா, உங்கள் ஊர் வீரனும் வேலை தேடிப் போனவன்தான்!"

இன்னும் கேளுங்கள். காதர் சிறையில் இருந்தபோதே, 1943 ஜூலையில், சிங்கப்பூரில் நேதாஜி தலைமை ஏற்றார். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். துரைக்கும் கங்காணிக்கும் கைகட்டி நின்றவர்கள் துப்பாக்கி ஏந்தினர். ஜான்சி ராணி படையில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். படை இம்பால் வரை சென்று பர்மாக் காடுகள் வழியே பின்வாங்கியபோது, குண்டுக்கும் பசிக்கும் காய்ச்சலுக்கும் இரையானவர்கள் ஏராளம். அவர்களுடைய கல்லறை எங்கே? பெயர்கள் எங்கே?

மாண்ட அந்த வீரர்களுக்காக 1945 ஜூலை 8-ஆம் நாள் சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். சில வாரங்களில் திரும்பி வந்த வெள்ளையர் அதை வெடி வைத்துத் தகர்த்தனர். அதே வெள்ளையர், தமக்காக மாண்டவர்களுக்கு அதே சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்தில் சுவர் எழுப்பி 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களைச் செதுக்கினர். தில்லி இந்தியா கேட்டிலும் 13,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. சாம்ராஜ்யம் தன் பேரேட்டை ஒழுங்காக வைத்துக்கொண்டது!

நம் அரசுகள் என்ன செய்தன? 2022-இல் அதே இந்தியா கேட் அருகே நேதாஜிக்கு 28 அடி உயரக் கருங்கல் சிலை வைத்தார்கள். நல்லது. ஆனால், அவர் பின்னால் நடந்து மாண்டவர்களின் பெயர்களை அந்தச் சிலையைச் சுற்றிப் பொறிக்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை? 2019-இல் ஐந்து தொகுதிகளாகத் தியாகிகள் அகராதி வந்தது. அதுவும் நல்லது. நூலகத்து அலமாரியில் இருக்கும் அகராதியை எந்தக் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை புரட்டப் போகிறது? 1972-இல் தியாகிகளுக்கு ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஆதாரம் கொண்டு வா என்றது. தோட்டத்து லயத்திலிருந்து காட்டுக்குப் போய்ச் செத்தவனின் மனைவி எந்த ஆபீசில் எந்தக் காகிதத்தை நீட்டுவாள்?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கூலி கேட்பதா, நினைவு நாள் கொண்டாடுவதா? தோழர்களே, இரண்டும் ஒரே வழக்கு! மஸ்டர் ரோலில் பெயர் இல்லாதவனுக்குக் கூலி பாக்கி கிடைக்குமா? சாரத்திலிருந்து விழுந்து செத்தால் "இவன் என் ஆளே இல்லை" என்று காண்டிராக்டர் கைவிரிப்பதை நாம் பார்த்ததில்லையா? வெளிமாநிலத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பாஸ் புத்தகம் தர வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. எத்தனை பேர் கைக்கு அது வந்து சேர்ந்தது? பெயரை எழுத மறுப்பதுதான் உரிமையைப் பறிப்பதன் முதல் படி. போர்க்களத்தில் மாண்டவனுக்கும் இதேதான் நடந்தது. அவன் பெயரைக் கேட்கப் பழகியவன்தான் தன் பெயரையும் கேட்பான்.

ஆகவே, மாலை போட்டு, மைக் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு கலையும் விழா நமக்கு வேண்டாம். செய்ய வேண்டியவை மூன்று. செப்டம்பர் 10 அன்று குடும்பத்தோடு வக்கம் செல்வோம். உங்கள் பாட்டனார், பெரியப்பா, பாட்டி எவரேனும் மலேயாவிலோ பர்மாவிலோ இந்தப் படையில் இருந்திருந்தால், பெயர், சொந்த ஊர், வேலை பார்த்த தோட்டம், தெரிந்தவரை ஆண்டு, அனைத்தையும் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் வந்து சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அந்தப் பட்டியலைக் கேரள, தமிழக அரசுகள் இரண்டுக்கும் அனுப்பி, பெயர்களைக் கல்லில் பொறிக்கக் கோருவோம்.

காதரின் பெயரோடு அந்தப் பெயர்களையும், இந்த நகரத்தில் வேலை செய்யும்போது உயிர்விட்ட நம் தோழர்களின் பெயர்களையும் அன்று உரக்க வாசிப்போம். பிள்ளைகள் கேட்கட்டும்.

மாண்டவர் பெயர் நிலைக்கட்டும்! உழைப்பவர் பெயர் பதிவேட்டில் ஏறட்டும்!