மதர்போர்டு போச்சு என்றால் நம்பிவிடுவதா?

ஸ்விட்சை அழுத்தினால் பழைய லேப்டாப் விழிக்க மாட்டேன் என்கிறது. கடைக்குக் கொண்டு போகிறோம். அவரும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்கிறார். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை, தீர்ப்பு வந்துவிட்டது! அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவன் நான். விசாரணைக் குறிப்பு இல்லாமல் கோப்பை முடித்தால் மேலதிகாரி திருப்பி அனுப்புவார். கடையில் மட்டும் நாம் ஏன் வாய் திறப்பதில்லை?

எங்கள் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் பல வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அரசு கொடுத்ததுதான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்தது. அதில் எத்தனையோ இன்று பரணில் கிடக்கின்றன. பிள்ளையின் படிப்பும், இறந்துபோன பெரியவர்களின் போட்டோக்களும் அதற்குள்தான் இருக்கின்றன. அதைப் பழைய இரும்போடு எடைக்குப் போடலாமா?

முதலில் விசாரிப்போம். சார்ஜரைச் செருகினால் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் அதே வகைச் சார்ஜர் வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் சார்ஜரை எடுத்து, பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி அழுத்துங்கள். இதிலேயே பிழைத்துக்கொள்பவை உண்டு. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதைத் தொடாமல் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால், டார்ச் அடித்து உற்றுப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது திரையின் விளக்கு. டிவியில் இணைத்தால் படம் வரும். ஒன்றுமே தெரியாவிட்டால் ரேம் அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, துகள் இல்லாமல் ஊதி, மறுபடி அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கும் தூசிக்கும் அடிக்கடி தேவைப்படும் வைத்தியம் இது.

இத்தனைக்கும் மசியாவிட்டால், மதர்போர்டு உண்மையிலேயே போயிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. அப்போதும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நூற்றுக்கணக்கில் விற்கும் ஒரு சின்ன உறையில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் போட்டோக்கள் திரும்ப வரும்.

"ரிப்பேருக்கு ஆகிற காசுக்குப் புதுசே வாங்கலாமே" என்பார்கள். புதுசின் லட்சணத்தையும் பாருங்கள். மெலிசான மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள்; பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். கழற்ற முடிந்ததைக் கொடுத்துவிட்டு, கழற்ற முடியாததைப் பணம் கொடுத்து வாங்குகிறோம்! விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நின்றுபோனது. அதற்காகவும் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் இலவசம், பழைய பெட்டியிலும் ஓடும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்ததால் அந்த நாட்டுச் செய்திகளை இன்றும் பார்ப்பதுண்டு. அங்கே லேப்டாப், செல்போன், டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு விலையோடு ஒரு மதிப்பெண்ணும் காட்டியாக வேண்டும் என்று 2021 ஜனவரி 1 அன்று விதி வந்தது. ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று. கழற்றுவது எளிதா, உதிரிபாகம் கிடைக்குமா, அதன் விலை நியாயமா என்பதெல்லாம் அதில் அடக்கம். சீக்கிரம் மாற்ற வைப்பதற்காகவே பொருளின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைப்பதை 2015லேயே குற்றமாக்கிவிட்டார்கள்.

நம் மத்திய அரசும் 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. நல்லதுதான். ஆனால் ஒரு நிறுவனம் தானாக முன்வந்து விவரம் தருவது வேறு, தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்வது வேறு. குடைக்குக் கம்பி மாற்றி, பாத்திரத்துக்கு ஈயம் பூசி வாழ்ந்த ஊர்கள் நம்முடையவை. அந்த மதிப்பெண்ணை முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அது வரும்வரை கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். எதைச் சோதித்தீர்கள்? எந்தப் பாகம் போயிருக்கிறது? அதைச் சீட்டில் எழுதித் தருவீர்களா? எழுதித் தர மறுத்தால் பெட்டியை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.