பழுதும் பயனும்

ஊர்தோறும் அம்மி கொத்துவோர் வந்து சென்ற காலம் ஒன்று இருந்தது. நாள்தோறும் அரைத்து அரைத்து வழவழப்பாகிப்போன அம்மியை எவரும் தெருவில் எறிந்துவிடவில்லை. கல் கெட்டுவிடவில்லை, கல்லின் மேலிருந்த கொத்துகளே தேய்ந்தன என்பதை வீட்டிலிருந்த பெண்டிர் நன்கு அறிந்திருந்தனர். உளியும் சுத்தியும் உடைய தொழிலாளி ஒருவர் திண்ணையோரம் சிறிது நேரம் அமர்ந்து கொத்தித் தந்தால், பழைய அம்மி மீண்டும் பயன் தரும். அதே வீட்டில் மண்பானை உடைந்துவிட்டால், அதனை ஒட்டவைக்க எவரும் முயன்றதில்லை. குயவரிடம் வேறு பானை வாங்கினர். எதனைச் சீர்செய்வது, எதனை மாற்றுவது என்னும் அறிவு அவ்வில்லங்களில் இயல்பாகவே அமைந்திருந்தது.

இக்காலத்தில் இல்லங்களிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கணினி இடம் பெற்றுவிட்டது. கணினியோடு இணைந்த கருவிகளுள் சிறியது சுட்டி. மவுஸ் என்று பலரும் வழங்குவது இதுவே. உள்ளங்கையுள் அடங்கும் இக்கருவி பழுதுற்றால், “வேறொன்று வாங்கிவிடலாம்” என்னும் சொல்லே முதலில் எழுகின்றது. இஃது அம்மியின் இனத்தைச் சேர்ந்ததா, மண்பானையின் இனத்தைச் சேர்ந்ததா என்று ஆராய்வோர் மிகச் சிலரே. ஆராய்ந்த பின்னர் மாற்றுதல் அறிவுடைமை. ஆராயாமல் எறிதல் அறியாமை.

சுட்டியின் வரலாறு சுவையானது. அமெரிக்க நாட்டில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டக்ளஸ் எங்கல்பர்ட் என்பார் இக்கருவியை எண்ணிக் கண்டார். அவருடைய துணைவர் பில் இங்கிலீஷ் என்பார் 1964 ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினார். முதற்சுட்டியின் உடல் மரக்கட்டையால் ஆனது. ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்த இரண்டு சக்கரங்கள் அதன் அடியில் இருந்தன. 1968 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் கூட்டத்தின் முன் எங்கல்பர்ட் அதனை இயக்கிக் காட்டினார். பிற்காலத்தில் சக்கரங்களுக்கு மாறாக உருளும் பந்து வந்தது. பின்னர்ப் பந்தும் மறைந்தது. இன்றைய சுட்டியின் வயிற்றில் ஒரு சிறு விளக்கும் ஒரு நுண்ணிய ஒளி உணரியும் உள்ளன. அவ்வுணரி மேசையின் பரப்பை ஒவ்வொரு நொடியும் பன்னூறு முறை படம் பிடித்து, ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் உள்ள வேறுபாட்டால் கை நகர்ந்த திசையையும் தொலைவையும் கணக்கிடுகின்றது.

இத்துணை நுட்பமான உணரி எளிதில் கெடுவதில்லை என்பது வியப்பிற்குரியது. பெரும்பாலும் கெடுவன எளிய உறுப்புகளே. அவற்றுள் முதன்மையானது, ஆள்காட்டி விரலின் கீழ் அமைந்த சிறு விசை. அதனுள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று வில்போல் வளைந்து கிடக்கின்றது. விரல் அழுத்தும்போது அத்தகடு துள்ளி மற்றோர் உலோக முனையைத் தொடுகின்றது. தொட்டவுடன் அது நிலைத்து நின்றுவிடுவதில்லை. தரையில் விழுந்த கோலிக்குண்டைப் போல மிகச் சிறுபொழுது அதிர்ந்த பின்னரே அமைதியுறுகின்றது. இவ்வதிர்வைப் பொருட்படுத்தாது விடுமாறு சுட்டியின் மின்சுற்று அமைக்கப்பட்டுள்ளது. நாளடைவில் தகடு தளர்ந்து, முனையில் அழுக்கும் தேய்மானமும் மிகுந்தால், அதிர்வு நீள்கின்றது. ஒரு முறை அழுத்தினும் இரு முறை அழுத்தியதாகக் கணினி கருதிவிடும். ஒரு கோப்பை இழுத்துச் செல்லும்போது அது நடுவழியில் நழுவி வேறோர் இடத்தில் விழுந்துவிடும்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. முதன்முதலாகக் கணினியின் முன் அமரும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் வீட்டில் கணினி இல்லை. பள்ளியில் வாரத்திற்கு ஒரு முறை கிடைக்கும் வகுப்பே அவனுக்கு வாய்ப்பு. அன்று அவன் கைக்குப் பழுதுற்ற சுட்டி வந்து சேர்கின்றது. சொன்னபடியே செய்கின்றான்; திரையில் வேறொன்று நிகழ்கின்றது. அருகிலிருப்போர் முன்னேறுகின்றனர், அவன் பின்தங்குகின்றான். பிழை கருவியில் உள்ளது என்று அவன் அறியான். தன் கையிலும் அறிவிலும் உள்ளது என்றே நாணுகின்றான். ஒரு சிறு தகட்டின் தளர்ச்சி ஓர் இளைஞனின் தன்னம்பிக்கையைத் தளர்த்திவிடுகின்றது. ஆதலின், பழுதைக் கண்டும் காணாதவாறு விட்டுவைத்தலே யாவற்றினும் தீயது. சீர்செய்தல் வேண்டும், அன்றேல் மாற்றுதல் வேண்டும்.

இனி, எதனைச் செய்வது என்று துணிவதற்குரிய முறையைக் காணலாம். முதலாவதாக, பழுது சுட்டியில்தான் உள்ளதா என்று தெளிதல் வேண்டும். அதனை வேறு கணினியில் பொருத்திப் பார்த்தால் உண்மை தெற்றென விளங்கும். அங்கே அது நன்கு இயங்கினால், குறை கணினியில் உள்ளது. சுட்டியின்மேல் பழி சுமத்துதல் முறையன்று. சுட்டி நகர மறுத்தால், மேசையின் பரப்பையும் நோக்குதல் வேண்டும். கண்ணாடிப் பரப்பின்மேல் பல சுட்டிகள் செவ்வனே இயங்கா. அடியில் ஒரு தாளை விரித்தாலே குறை நீங்கிவிடும். கம்பியில்லாச் சுட்டியாயின், மின்கலத்தை மாற்றிப் பார்த்தல் வேண்டும். உணரியின் துளையில் சிக்கிய ஒரு மயிரிழையும், உருள்சக்கரத்தில் படிந்த தூசியும் பெரும்பழுது போலத் தோற்றமளிப்பதுண்டு. ஊதித் துடைத்தால் நீங்கும் குறைக்காகக் கடைக்குச் செல்லுதல் வேண்டாச் செலவன்றோ?

இவற்றால் தீராத பழுதாயின், சுட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். திறக்கும் முன் கணினியிலிருந்து அதனைக் கழற்றிவிடுதல் இன்றியமையாதது. திருகாணிகள் பெரும்பாலும் அடிப்புறத்தில் ஒட்டப்பட்ட தாளின் கீழோ, வழுக்குப் பட்டைகளின் கீழோ மறைந்திருக்கும். உள்ளே நோக்கினால், கம்பி உடலினுள் நுழையும் இடத்தில் பல முறை வளைந்து அறுந்திருத்தல் கூடும். அறுந்த பகுதியை வெட்டி நீக்கி, நிறங்களைத் தாளில் குறித்துக்கொண்டு, கம்பிகளை முன்போல் இணைத்தால் சுட்டி உயிர் பெறும். விசை தேய்ந்திருந்தால், அதன் மூன்று கால்களிலும் உள்ள ஈயப் பற்றை உருக்கி எடுத்துவிட்டுப் புதிய விசையைப் பொருத்தலாம். இவ்விசைகள் சில பத்து ரூபாய்க்குள் கிடைப்பவை. சென்னை ரிச்சி தெருவைப் போன்ற மின்னணுப் பொருள் கடைத்தெருக்களில் விற்கப்படுபவை. சூடேறிய கருவியைக் கையாளும் இப்பணியை மாணவர் தாமே செய்தல் கூடாது. ஆசிரியரோ தொழில் அறிந்த பெரியோரோ உடனிருத்தல் வேண்டும்.

ஒரு சிறு கணக்கு இங்கே பயன்படும். ஒரு நாளில் 3,000 முறை அழுத்தப்படும் விசை, 200 வேலை நாள்களில் 6 லட்சம் முறை அழுத்தப்படுகின்றது. பத்து லட்சம் அழுத்தங்களைத் தாங்கும் விசையாயின், இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் அது தன் கடமையை முடித்துவிடும். அப்போதும் விளக்கு எரிகின்றது, உணரி காண்கின்றது, மேலோடு உறுதியாக உள்ளது. நிலக்கடலைப் பருப்பினும் சிறிதே பெரிய ஓர் உறுப்பு ஓய்ந்ததற்காக முழுக்கருவியும் குப்பையை அடைகின்றது. இஃது அம்மி தேய்ந்ததற்காக அம்மியையே எறிவதை ஒக்கும்.

எனினும், எல்லாப் பழுதும் சீர்செய்யத் தக்கவை என்று கூறுதல் உண்மையாகாது. உணரியோ மின்சுற்றுப் பலகையோ எரிந்துபோயின், அச்சுட்டி உடைந்த மண்பானைக்கு நிகராகும். உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் உப்பிப் பருத்திருந்தால், அதனைத் தொடுவதும் குத்துவதும் தீங்கு. உரியவரிடம் ஒப்படைத்தலே தக்கது. கைக்குப் பொருந்தாது மணிக்கட்டில் வலி தரும் சுட்டியை, பழுதில்லை என்பதற்காகவே வைத்துக்கொண்டு வருந்துதலும் சிக்கனமாகாது. பொருளைக் காத்தல் உடலைக் காத்தலினும் பெரிதன்று.

இங்கே ஒரு மறுப்பு எழுதல் கூடும். “புதிய சுட்டியின் விலை சில நூறு ரூபாயே; பழுது நீக்குவோரின் அரைமணி நேரக் கூலி அதனை ஒத்துவிடும். பின்னர் ஏன் இத்துணைத் தொல்லை?” என்று சிலர் வினவுவர். இவ்வினா நேர்மையானதே. மக்கள் வரிசையில் காத்து நிற்கும் அலுவலகத்தில், எழுத்தர் ஒருவர் தம் வேலையை நிறுத்திவிட்டுச் சுட்டியைத் திறந்துகொண்டு அமர்தல் பொருந்தாது. உடனே வேறொன்றை எடுத்து வேலையைத் தொடர்தலே கடமை. ஆனால், மாற்றுதல் வேறு, எறிதல் வேறு. கழற்றிய சுட்டியை ஒரு பெட்டியில் இட்டு வைத்து, ஓய்ந்த நேரத்தில் சீர்செய்தால், அதுவே அடுத்த பழுதின்போது கைகொடுக்கும். சீர்செய்ய இயலாததாயினும், அதன் விசையும் கம்பியும் மற்றொன்றிற்கு உதவும். மேலும், கடைக்காரருக்குச் செலவாகும் அரைமணி நேரம் மாணவனுக்கு வரவாகின்றது. மின்னோட்டம், நெம்புகோல், ஒளி ஆகியவற்றைப் பற்றி ஏட்டில் கற்றதைக் கையால் தொட்டு உணரும் வாய்ப்பை எந்த விலைப்பட்டியலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடையின் விலைச்சீட்டில் எழுதப்படாத செலவு வேறொன்றும் உண்டு. 2022 ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு குவிந்தது என்றும், அதில் 22.3 விழுக்காடே முறைப்படி திரட்டப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அமைப்புகள் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. எஞ்சியவற்றுள் பல, குப்பைமேடுகளையும் எளியோர் குடியிருப்புகளையும் சென்றடைகின்றன. செம்பைப் பிரித்தெடுக்கும் பொருட்டுக் கம்பிகளைத் திறந்த வெளியில் எரிக்கின்றனர். அந்நச்சுப் புகையைச் சுவாசிப்போர், சுட்டியை வாங்கியவரும் அல்லர்; அதனை எறிந்தவரும் அல்லர். ஒருவர் அடைந்த எளிமைக்கு மற்றொருவர் உடலால் விலை கொடுத்தல் நீதியாகாது.

இக்கடமை வாங்குவோரை மட்டும் சார்ந்ததன்று, செய்வோரையும் சார்ந்தது. இந்தியாவில் 2023 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவை மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஆம் ஆண்டில் பழுது நீக்கும் உரிமை குறித்துச் சட்டநெறி ஒன்றை வகுத்தது. சலவை இயந்திரம், கைப்பேசி முதலிய பெரும்பொருள்களை எண்ணி இயற்றப்பட்ட அந்நெறி சுட்டியை எட்டவில்லை. சிறுபொருள் என்பதால் அது புறக்கணிக்கத் தக்கதாகிவிடாது, சிறுதுளியே பெருவெள்ளமாகின்றது. ஈயப் பற்றை உருக்காமலே விசையைக் கழற்றி மாற்றத்தக்க சுட்டிகளைச் சில நிறுவனங்கள் இன்று செய்து விற்கின்றன. ஆதலின், அவ்வாறு செய்தல் இயலாது என்பார் கூற்று நிலைபெறாது. திருகாணியை மறைத்தும், மேலோட்டைப் பசையிட்டு மூடியும் விற்போரிடம், திறக்கத்தக்க பொருளைத் தருமாறு வேண்டுதல் வாங்குவோரின் உரிமையாகும்.

பள்ளியின் கணினி அறையில் ஒரு திருப்புளி, ஒரு மென்தூரிகை, பழுதுற்ற சுட்டிகளுக்கென ஒரு பெட்டி, உடனே மாற்றுதற்குரிய ஒரு நல்ல சுட்டி ஆகிய நான்கும் இருத்தல் நன்று. இவற்றிற்காகும் செலவு சிறிது. மாதத்திற்கு ஒரு நாள் மாணவர்கள் ஆசிரியருடன் அமர்ந்து அப்பெட்டியைத் திறப்பராயின், சில சுட்டிகள் உயிர்பெறும். சில உறுப்புகளை ஈந்து ஓயும். எஞ்சியவை மறுசுழற்சிக்குச் செல்லும். எதுவும் ஆராயப்படாமல் குப்பையை அடையாது.

அம்மி கொத்தும் ஓசை இன்று தெருக்களில் அரிதாகிவிட்டது. அவ்வோசை மீண்டும் எழல் வேண்டுவதின்று. தேய்ந்தது எது, உடைந்தது எது என்று பொருளைக் கையிலெடுத்து நோக்கிய அப்பண்பே மீளுதல் வேண்டும். பழுதுற்ற சுட்டி மாணவனின் கைக்கு வரும் நாளில், அவன் தன் அறிவை ஐயுறாமல் கருவியை ஐயுற்று, திருப்புளியைக் கையில் எடுப்பானாயின், அன்று அவன் கற்கும் பாடம் திரையில் தோன்றும் பாடத்தினும் சிறியதாகாது.